கண்ணாடி நூலும் ஒரு காகிதமும்

தங்கசாலைக்கு வடக்கே வசிக்கும் நேயர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்த ஸ்தாபனம் அது. 1938-ம் வருஷத்தில் வைத்தியக் கல்லூரியாக உயர்ந்த பிறகும், இராயபுரத்துப் பாட்டிமார் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்தார்கள். தீராத வயிற்று வலியென்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை, வைத்தியர் சில சமயம் ஒரு மெல்லிய கறுப்புக் குழாயை விழுங்கச் சொல்லுகிறார். கத்தி வைக்காமலே, இரைப்பையின் உட்சுவர் முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்து விடுகிறது.

அங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல். காசிமேட்டில் வலை உலர்த்தும் மீனவருக்கும், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளருக்கும் கண்ணில் படாத ஒரு காரியம் அந்தக் கடலின் அடியில் நடந்து கொண்டிருக்கிறது. சென்னைக் கரையிலிருந்து அந்தமான் தீவுகளுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் ஒரு கம்பிவடம் கடலடியில் கிடக்கிறது. 2020-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ம் தேதி அது திறந்து வைக்கப்பட்டது. தீவிலுள்ள மகன் தண்டையார்ப்பேட்டையிலுள்ள தாயாரோடு பேசினால், அந்தப் பேச்சு அநேகமாக இந்த வடத்தின் வழியாகவே வருகிறது.

ஆஸ்பத்திரிக் குழாய்க்கும் கடலடி வடத்துக்கும் என்ன சம்பந்தம்? இரண்டின் உள்ளேயும் இருப்பது ஒரே பொருள்தான்: தலைமயிரைப் போன்ற கண்ணாடி நூல். ரண சிகிச்சைக் கருவியையும் செய்திப் போக்குவரத்தையும் ஒரே நூல் தாங்குகிறது என்பது விசித்திரமே. அதைவிட முக்கியமான இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த நூலின் சரித்திரம் நெடுகிலும் ஒரு காகிதம் குறுக்கிட்டுக் கொண்டே வருகிறது. ஆங்கிலம் கற்றோர் அதைப் ‘பேடெண்ட்’ என்பார்கள். தமிழில் காப்புரிமை என்கிறோம். அந்தக் காகிதத்தைப் பற்றி நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் நூலின் சூட்சுமத்தைப் பார்ப்போம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, கீழிருந்து நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பாருங்கள். அது கண்ணாடி பதித்த கூரைபோலப் பளபளக்கும். தண்ணீருக்குள்ளிருந்து வெளியேற முயலும் ஒளி, மிகவும் சாய்ந்து வந்தால் வெளியேற முடியாமல் உள்ளேயே திரும்பி விடுகிறது. கண்ணாடி நூலிலும் இதுவேதான் நடக்கிறது. ஒரு முனையில் புகுந்த ஒளி, பக்கச் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி, நூல் வளைந்தால் தானும் வளைந்து, மறுமுனையில் போய் நிற்கிறது. 1840-களில் ஜினீவாவில் கொல்லாடோன் என்பவர், விழுகின்ற நீர்த்தாரையிலேயே ஒளியை வளைத்துக் காட்டினார்.

இதை வைத்து மனித உடலின் உள்ளே பார்க்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ஒரு வைத்திய மாணவர். 1930-ம் வருஷத்தில் மியூனிக் நகரில் ஹைன்ரிக் லாம் என்ற இளைஞர், கண்ணாடி நூல்களைக் கற்றையாகக் கட்டி, ஒரு மின்விளக்கின் இழையின் உருவத்தை மறுமுனையில் கொண்டு வந்தார். உருவம் மங்கல்தான், ஆனாலும் உருவம் வந்தது. மகிழ்ச்சியோடு பேடெண்டுக்குப் போனார். போன இடத்தில் கதவு அடைபட்டது. அமெரிக்க எஞ்சினீயரான ஹான்சல் என்பவர் 1920-களிலேயே அந்த யோசனையை எழுதிப் பதிந்து வைத்திருந்தார். அவர் கருவி எதையும் செய்து நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. செய்து காட்டியவர் லாம். ஆயினும் உரிமை முதலில் எழுதிப் பதிந்தவரிடமே நின்றது. பிறகு லாம் யூதர் என்ற காரணத்தால் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. அந்த ஆராய்ச்சியும் அத்துடன் நின்றது.

அடுத்த அத்தியாயத்தில் நம் தேசத்தவர் ஒருவர் வருகிறார். பஞ்சாபில் மோகா என்ற ஊரில் 1926-ல் பிறந்தவர் நரிந்தர் சிங் கபானி. ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொன்னதை மறுக்க வேண்டும் என்ற பிடிவாதமே தம்மை இந்த வழியில் தள்ளியது என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. (ஆசிரியர்கள் இதனால் வருந்த வேண்டியதில்லை, மறுக்கத் தக்க ஒன்றைச் சொல்வதும் போதனையே.) லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியர் ஹாப்கின்ஸ் என்பவரிடம் அவர் சேர்ந்தார். வயிற்று நோய் வைத்தியர் ஒருவர், வளையாத குழாயை நோயாளிகளின் தொண்டையில் செலுத்த நேர்வதை ஒரு விருந்தில் ஹாப்கின்ஸிடம் சொல்லி வருந்தினாராம். அந்த வருத்தத்திலிருந்து பிறந்ததே இருவரின் ஆராய்ச்சி. 1954-ம் வருஷம் ஜனவரி மாதம் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர்களுடைய கட்டுரை வெளியாயிற்று.

அக்கட்டுரையைப் படித்தவர்களில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற வைத்தியரும் ஒருவர். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் அவர் அதே வேலையைத் தொடங்கினார். நூலும் நூலும் உராயும் இடத்தில் ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்து உருவம் கலைந்தது. அவர்களிடம் வேலை பார்த்த லாரன்ஸ் கர்ட்டிஸ் என்ற கல்லூரி மாணவர் 1956 டிசம்பரில் ஒரு வழி கண்டார். ஒரு கண்ணாடிக் கோலை, வேறு வகைக் கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி, நூலாக இழுத்தார். உள்ளே ஒரு கண்ணாடி, மேலே சட்டைபோல் வேறொரு கண்ணாடி, கசிவு நின்றது. 1957-ம் வருஷத் தொடக்கத்தில் ஹிர்ஷோவிட்ஸ் முதல் குழாயைத் தாமே விழுங்கிப் பார்த்துவிட்டுப் பிறகே நோயாளிக்குக் கொடுத்தார். அவ்வருஷமே பேடெண்டுக்கு மனுவும் போயிற்று. இந்நாளைய குழாய்களில் உருவம் பிடிக்கும் வேலையைச் சிறு காமிராச் சில்லு ஏற்றுக் கொண்டிருக்கிறது. ஆயினும் உள்ளே வெளிச்சம் கொண்டு போகும் வேலை இன்னமும் பெரும்பாலும் கண்ணாடி நூலுக்கே.

வயிற்றுக்குள் ஒரு முழம் போன ஒளி, கடலைக் கடந்தது எப்படி? அக்காலத்துக் கண்ணாடி நூலில் ஒளி 20 மீட்டர் போவதற்குள் நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தூரத்துச் செய்திக்கு இது உதவாது என்று எல்லோரும் கைவிட்டிருந்த சமயம், 1966-ல் இங்கிலாந்தில் வேலை செய்த சார்லஸ் காவோ என்ற சீன விஞ்ஞானி, குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அசுத்தத்தில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஒரு கிலோமீட்டர் போய் நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே போதும், தொலைபேசிக்குப் பயன்படுத்தலாம் என்பது அவர் கணக்கு. 1970-ல் அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியின் விஞ்ஞானிகள் மூவர் அந்த எல்லையைத் தாண்டினார்கள். இன்றைய நூலில் 15 கிலோமீட்டர் சென்ற பின்பும் ஒளியில் ஏறக்குறையப் பாதி மிஞ்சுகிறது.

காவோவுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. கபானிக்கு அது கிடைக்கவில்லை. அவர் காலமான பிறகு 2021-ல் பாரத சர்க்கார் பத்ம விபூஷண் அளித்தது. கார்னிங் கம்பெனியாருக்குக் கிடைத்ததோ வேறு விதமான பரிசு. அவர்கள் நூலை மட்டுமா செய்தார்கள்? அதைச் செய்யும் விவரத்தை எழுதிப் பேடெண்டும் வாங்கி வைத்திருந்தார்கள். ஜப்பானியக் கம்பெனி ஒன்று அதே மாதிரி நூலை அமெரிக்காவில் விற்றபோது வழக்குத் தொடுத்து, 1987-ல் ஜயித்தும் விட்டார்கள்.

இந்தக் காகிதத்துக்கு அவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? அது ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கத்தில் புதிது புனைந்தவர். மறு பக்கத்தில் தேசத்து ஜனங்கள். “உன் ரகசியத்தை ஒளிக்காமல், படித்தவன் எவனும் செய்து பார்க்கும்படி முழுவதும் எழுதிக் கொடு. அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட காலம் வரையில் உன் சம்மதமின்றி வேறொருவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று நாங்கள் தடுக்கிறோம்” என்று ஜனங்கள் சொல்கிறார்கள். காலம் முடிந்ததும் அது ஊர்ப் பொது. நம் தேசத்தில் அந்தக் காலம் இப்போது மனுச் செய்த நாளிலிருந்து 20 வருஷம். பேடெண்ட் என்றாலே ரகசியம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்விரோதமானது. ரகசியத்தோடு செத்துப்போன வித்தைகள் நம் தேசத்தில் எத்தனை! அவற்றைச் சாகவிடாமல் காப்பதற்கே இந்த ஏற்பாடு.

இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856-ம் வருஷத்திலேதான் இந்தியாவின் முதல் பேடெண்ட் சட்டமும் பிறந்தது. அதன் கீழ் முதல் மனுவைப் போட்டவர் கல்கத்தாவில் இருந்த டிபென்னிங் என்ற எஞ்சினீயர். கண்டுபிடிப்பு என்னவென்றால், துரைமார் தலைக்கு மேலே தொங்கும் பங்காவை இழுப்பதற்கு ஒரு யந்திரம்! யாருடைய சௌகரியத்துக்காக அச்சட்டம் வந்தது என்பதை இந்த ஒரு மனுவே சொல்லிவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பின் நிலைமையை விசாரிக்கச் சர்க்கார் நியமித்தவர், சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாயிருந்து பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்ற என். ராஜகோபால ஐயங்கார். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கை, இந்நாட்டுப் பேடெண்டுகளில் மிகப் பெரும்பகுதி அயல்நாட்டார் கையில் இருப்பதையும், அவற்றில் அநேகம் இங்கே உற்பத்திக்கு வராமல் வெறும் வேலியாகவே நிற்பதையும் எடுத்துக் காட்டியது. அதன் அடிப்படையில் எழுந்ததே 1970-ம் வருஷத்துச் சட்டம். 1972 ஏப்ரலில் அமுலுக்கு வந்த அது, பல திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது.

அச்சட்டத்தில் ஓர் இடம் நம் விஷயத்துக்கு மிக முக்கியம். மனிதருக்குச் செய்யும் வைத்திய முறைக்கும் ரண சிகிச்சை முறைக்கும் பேடெண்ட் கிடையாது. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு உதவும் கருவிக்கு உண்டு. குடலைத் தைக்கும் புதுவிதமான தையலை ஒரு டாக்டர் கண்டுபிடித்தால் அது உலகத்துக்குச் சொந்தம். தைக்கும் ஊசியைப் பிடிக்கப் புதுவிதமான இடுக்கி செய்தால் அது செய்தவருக்குச் சொந்தம். உயிர் ஊசலாடும் மேஜையருகில் நின்றுகொண்டு, ‘இந்த முறைக்கு அனுமதி வாங்கினோமா?’ என்று எந்த டாக்டரும் யோசிக்கும்படி ஆகக் கூடாதல்லவா? இது நியாயமான பாகுபாடு.

இனி நம்மவர் நிலை என்ன என்று பார்ப்போம். ஸுச்ருத ஸம்ஹிதை 101 யந்திரங்களையும், வெட்டும் ஆயுதங்கள் 20-ஐயும் வகுத்துச் சொல்கிறது. அந்தப் பெருமையை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். நான் அதற்குப் பிந்திய ஒரு சம்பவத்தைச் சொல்ல விரும்புகிறேன். திப்பு சுல்தானோடு நடந்த யுத்தத்தில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கறுபட்டார். பூனாவுக்கு அருகில், செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், நெற்றித் தோலைத் திருப்பி வைத்து அவருக்குப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794-ம் வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றில் இச்செய்தி படத்தோடு வந்தது. அதைக் கொண்டு கார்ப்யூ என்ற ஆங்கில ரண வைத்தியர் 1814-ல் அதே சிகிச்சையைச் செய்து, இரண்டு வருஷத்தில் புத்தகமும் எழுதினார். மூக்கிழந்தவர் பெயர் நமக்குத் தெரியும். பின்பற்றிய ஆங்கிலேயர் பெயர் தெரியும். மூக்கு வைத்தவர் பெயரை மட்டும் அந்தப் பத்திரிகை சொல்லவில்லை. முறைக்குப் பேடெண்ட் வேண்டாம், பெயராவது வேண்டாமா?

தந்தியின் கதையிலும் ஒரு ரண வைத்தியர் வருகிறார். இந்தியாவில் தந்தி போட்டவர் எஞ்சினீயர் அல்லர். கும்பெனியில் உதவி ரண வைத்தியராக வந்த வில்லியம் ஓஷானஸி என்ற ஐரிஷ்காரர். வாந்திபேதியில் உடல் இழக்கும் உப்பையும் நீரையும் இரத்தத்திலேயே திருப்பிச் செலுத்த வேண்டும் என்று 1830-களின் தொடக்கத்தில் எழுதியவரும் அவரே. 1839-ல் கல்கத்தாவுக்கு அருகே 21 மைல் கம்பி கட்டிச் செய்தி அனுப்பிப் பார்த்தார். மெல்லிய கம்பி குரங்குகளுக்கும் புயலுக்கும் நிற்காதென்று கனத்த இரும்புக் கோல்களை உபயோகித்தார். 1855-ல் பொதுமக்களுக்குத் தந்தி திறக்கப்பட்டபோது சென்னையும் அதில் சேர்ந்தது. இந்த மண்ணுக்கேற்ற கருவிகளை அவர் தாமே புனைந்திருந்தும், சில வருஷங்களில் அமெரிக்கரான மோர்ஸின் கருவியே இங்கும் நிலைபெற்றது. 2013 ஜூலையில் அந்தத் தந்தி தன் கடைசிச் செய்தியை அனுப்பி ஓய்ந்தது.

கம்பியில்லாத் தந்தியில் நம் ஜகதீச சந்திர போஸின் கதையை அறியாதவர் இல்லை. 1895-ல் கல்கத்தாவில் சுவரை ஊடுருவிச் செல்லும் அலையால் தொலைவில் மணியை அடிக்கச் செய்தார். பேடெண்ட் எடுப்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஞானத்தை விலைக்கு விற்பதாக அவருக்குப் பட்டது. சகோதரி நிவேதிதையும், அமெரிக்க அம்மையாரான ஸாரா புல்லும் வற்புறுத்தியதன் பேரில், 1901-ல் அமெரிக்காவில் மனுச் செய்தார். 1904 மார்ச்சு 29-ம் தேதி அது கிடைத்தது. அதைக் கொண்டு ஒரு காசும் சம்பாதிக்க அவர் முயலவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் முன்னோடி என்று உலகம் ஒப்புக்கொள்ள நேர்ந்தபோது, அந்தக் காகிதமும் சாட்சியாக நின்றது. வருமானம் வேண்டாம் என்றவருக்கும் அது உபயோகப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். “நோயாளிக்கு உதவும் பொருளுக்கு வேலி போடுவது தர்மமா?” என்று. 1968 வாக்கில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், டாக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த ரப்பர்க் கால், பேடெண்ட் இல்லாமலே உலகமெங்கும் ஏழைகளை நடக்க வைத்திருக்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லையை 1949-ல் லண்டனில் முதலில் வைத்த ஹாரல்ட் ரிட்லியும் பேடெண்ட் எடுக்கவில்லை. இவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ரிட்லி விட்டுக் கொடுத்ததால் வில்லை ஏழைக்குக் கிடைத்து விட்டதா? இல்லை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அது இறக்குமதிச் சரக்காக, ஏழைக்கு எட்டாத விலையில்தான் இருந்தது. 1992-ல் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியார் ஆரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, இங்கேயே செய்யத் தலைப்பட்ட பிறகுதான் விலை இறங்கியது. ஆகவே பொருளை மலிவாக்குவது பேடெண்ட் இன்மை மட்டுமன்று. செய்யத் தெரிந்த பட்டறையும் வேண்டும்.

செய்திப் போக்குவரத்திலும் இதுவே பாடம். வெளிநாட்டுத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் குளிர்பதன அறையின்றி நடவா. 1984-ல் சர்க்கார் தொடங்கிய ஸி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையம், வெயிலுக்கும் தூசிக்கும் அஞ்சாமல், குளிர்பதனமில்லாமலே வேலை செய்யும் 128 இணைப்புள்ள கிராம எக்ஸ்சேஞ்சை வகுத்துக் கொடுத்தது. அதைச் செய்யும் உரிமையைப் பல கம்பெனிகளுக்குப் பகிர்ந்தளித்தது. 1990-களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும், கம்பி இழுக்காமலே வீட்டுக்கு வீடு தொலைபேசி கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். உரிமை கையில் இருந்தால் அதை யாருக்கு, என்ன நிபந்தனையில் தருவது என்று சொல்லும் அதிகாரமும் கையில் இருக்கும்.

இப்போது நம் வடசென்னைக்கு வருகிறேன். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியவர்களே பின்னாளில் பெரிய டயர்க் கம்பெனி ஆனார்கள். எண்ணூரில் மோட்டார் லாரி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் என்று தொழிற்சாலைகள் வளர்ந்தன. யந்திரம் பெருகிய இடத்தில் யந்திரத்தில் சிக்கிய கைகளும் பெருகும். அதற்கேற்ப ஸ்டான்லியில் 1970-களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் கை ரண சிகிச்சைக்கென்றே ஒரு தனிப்பிரிவு ஏற்பட்டு, தேசத்தில் பெயர் பெற்றது. மயிரிழை போன்ற நரம்பையும் நாளத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத் தைக்கும் அந்த வித்தையில், டாக்டர் கையிலிருக்கும் இடுக்கி எங்கிருந்து வந்தது தெரியுமா? கடிகாரம் பழுது பார்ப்பவரின் இடுக்கியிலிருந்துதான். உலகமெங்கும் ரண வைத்தியர்கள் அதையே எடுத்துத் தங்களுக்கேற்பத் திருத்திக் கொண்டார்கள். பட்டறையும் ஆஸ்பத்திரியும் அவ்வளவு அருகருகே இருக்கின்றன.

என்னிடம் படித்த ஒருவன், எட்டாம் வகுப்போடு நின்று, இப்போது இப்பகுதியில் சிறு லேத் பட்டறை வைத்திருக்கிறான். எலும்பு முறிவு டாக்டர் ஒருவர், ஒடிந்துபோன சீமை இடுக்கியைக் கொண்டு வந்து ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டினால் நிற்காதென்று அவன் எவர்சில்வரில் புதிதாகவே செய்தான். பழையதில் எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் பல்லை மாட்ட வேண்டும். இவன் கட்டை விரல் ஒன்றாலேயே மாட்டிக் கழற்றும்படி செய்து விட்டான். டாக்டர் மகிழ்ந்து இன்னும் சிலருக்குச் சொன்னார். பதினைந்து இருபது செய்து விற்றான். இரண்டு வருஷம் கழித்து ஒரு கம்பெனியின் விலைப்பட்டியலில் அதே கட்டை விரல் பூட்டு, பத்து மடங்கு விலையில் இருந்தது.

அந்தக் கம்பெனி சட்டப்படி குற்றம் எதுவும் செய்யவில்லை. பகிரங்கமாக விற்பனைக்கு வந்துவிட்ட பொருள் பழையது ஆகிவிடுகிறது. பழையதற்குப் பேடெண்ட் கிடையாது. அதைப் பார்த்து யாரும் செய்யலாம். “போகட்டும் ஸார், கை ஒடிந்தவனுக்கு உதவினால் சரி” என்றான் அவன். பெருந்தன்மையான வார்த்தை. ஆனால் என் மனம் ஆறவில்லை. போஸ் வேண்டாம் என்றார்; ஜெய்ப்பூர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள். இவனுக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. கொடுத்தது தானம், தெரியாமல் போனது தானமாகுமா? அது மட்டுமல்ல. அவன் கொடுத்தது நோயாளிக்கும் போய்ச் சேரவில்லை. பத்து மடங்கு விலையில்தானே அது நோயாளியிடம் வருகிறது? உரிமை அவனிடம் இருந்திருந்தால், “இன்ன விலைக்கு மேல் விற்கக் கூடாது” என்று நிபந்தனை போட்டே கொடுத்திருப்பான். அவனை நான் அறிவேன்.

ஆகவே நம் வீடுகளில் சில சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் கிண்டியில் பேடெண்ட் ஆபீஸ் இருக்கிறது. இணையத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். கண்டுபிடிப்பு முற்றுப்பெற வேண்டுமென்று காத்திராமல், தற்காலிக விவரம் ஒன்றை முதலில் கொடுத்துத் தேதியைப் பிடித்துக் கொள்ளலாம்; முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. முந்தி மனுச் செய்தவருக்கே முதலிடம். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைப்பது நல்ல பழக்கமானாலும் மனுவுக்கு ஈடாகாது. தனி மனிதருக்கும் சிறு தொழிலுக்கும் கம்பெனிகளைவிடக் கட்டணம் மிகக் குறைவு. பரிசீலனைக்குத் தனிக் கட்டணமும், உரிமை கிடைத்தபின் வருஷந்தோறும் புதுப்பிக்கும் கட்டணமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: மனுச் செய்யும் வரையில் பொருட்காட்சியில் வைக்காதே, பத்திரிகையில் போடாதே, விற்காதே. சில விதிவிலக்குகளைச் சட்டம் சொல்கிறது. அவற்றை நம்பி வாயைத் திறப்பதைவிட வாயை மூடிக்கொண்டு மனுவை எழுதுவதே மேல்.

எல்லாவற்றுக்கும் மனுச் செய்யச் சொல்லவில்லை. பேடெண்ட் வாங்கி அலமாரியில் வைத்த வீண் கண்டுபிடிப்புகள் உலகில் லக்ஷக்கணக்கில் உண்டு. மனுச் செலவுக்குக் கடன் வாங்கித் தவித்தவர்களும் உண்டு. இது புதிதா, உபயோகமானதா, யாராவது வாங்குவார்களா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பிறர் எழுதிப் பதிந்தவை எல்லாம் இன்று இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. காலம் கடந்துவிட்ட பேடெண்டுகளோ யாரும் எடுத்துச் செய்யக் கூடிய பொதுச் சொத்து. அவை ஒரு பெரிய பள்ளிக்கூடம், சம்பளம் கிடையாது. நம் பையன்களும் பெண்களும் அங்கே போய்ப் படிக்கட்டும்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்களில் வருஷந்தோறும் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கிறது. அட்டையிலும் மோட்டாரிலும் பிள்ளைகள் செய்து வைப்பவற்றில், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புத்தகத்தைப் பார்த்துச் செய்தவை. மீதி ஒன்று, தகப்பனார் பட்டறையில் படும் கஷ்டத்தைப் பார்த்த பிள்ளை சொந்தமாக யோசித்தது. அந்த ஒன்றை மேஜைமேல் வைப்பதற்கு முன்பு, கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னதாகவே, பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளட்டும்: இதைக் கொடுக்கப் போகிறோமா, வைத்துக் கொள்ளப் போகிறோமா? எந்தப் பதிலும் சரியே. கேட்காமல் விடுவதுதான் சரியல்ல.